ஹைபிரிட் முறையில் இருப்பவர்கள் விரும்பி வரும்படி அலுவலகத் தளத்தை மாற்றியமைப்பது எப்படி?

கேள்வி: ஓஎம்ஆர்_கட்டடநிர்வாகம்

வணக்கம். சென்னை ராஜீவ் காந்தி சாலையில், சோழிங்கநல்லூருக்கு அப்பால் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கட்டட நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாட்களில் வீடு என்பது எங்கள் விதி. எந்த மூன்று நாள் என்பதை ஊழியரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். செவ்வாயும் புதனும் உட்கார இடம் கிடைக்காமல் கேன்டீன் மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன்; வெள்ளிக்கிழமையோ செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும்தான் நடமாடுகிறார்கள். இதைவிட என்னை உறுத்துவது வேறு. வருகிறவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து வரிசையில் இருப்பவரோடுகூட வீடியோ அழைப்பிலேயே பேசிவிட்டு, மாலை நான்கு மணிக்குக் கேப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள்.

எங்களிடம் உள்ள தளங்களில் ஒன்றை முழுமையாக மாற்றியமைக்க இப்போது நிர்வாகம் பணம் ஒதுக்கியிருக்கிறது. இன்டீரியர் நிறுவனம் கொடுத்திருக்கும் வரைபடத்தில் ஊஞ்சல், செயற்கைப் புல்தரை, டேபிள் டென்னிஸ், நீளமான காபி கவுன்டர், சுவர் நிறைய ஓவியம் ஆகியவை உள்ளன. பத்துப் பேருக்கு ஆறு இருக்கை என்பது கணக்கு. யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. காலையில் செயலியில் பதிவு செய்து அன்றைக்குக் கிடைக்கும் இடத்தில் உட்கார வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊஞ்சலுக்காக ஒருவர் வண்டலூரிலிருந்து வருவாரா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. அலுவலக வடிவமைப்பிலோ பணியாளர் நிர்வாகத்திலோ அனுபவம் உள்ளவர்கள், இந்தப் பணத்தை எதில் போடலாம், எதில் போடக்கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வரைபடமேசை

தொழிலால் கட்டடக் கலைஞன். அலுவலக உள்ளமைப்புதான் என் வேலையின் பெரும்பகுதி. உங்கள் கேள்வியில் மிக முக்கியமான தகவல், பக்கத்து வரிசையில் இருப்பவரோடும் வீடியோவிலேயே பேசுகிறார்கள் என்பது. இதை ஊழியர்களின் மனநிலையாகப் பார்க்காமல் இடப் பற்றாக்குறையாகப் பாருங்கள். எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவராவது அன்று வீட்டில் இருப்பார். அவர் ஒருவருக்காகக் கூட்டம் திரைக்குப் போகும். நேரில் இருக்கும் மூன்று பேர் சேர்ந்து உட்காரலாம் என்றால் மூன்று பேருக்கான அறை இருக்காது. இருக்கும் பன்னிரண்டு பேர் அறையில் யாரோ ஒருவர் தனியாக அமர்ந்து வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். 2020க்கு முன்பு கட்டிய அலுவலகங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் பெரிய அறைகள் சிலவும் திறந்தவெளி மேசைகள் பலவுமாக அமைக்கப்பட்டவை. ஆகவே ஊஞ்சலும் புல்தரையும் எடுத்துக்கொள்ளும் பரப்பை ஒருவர் நின்றோ அமர்ந்தோ பேசும் சிற்றறைகளாகவும், மூன்று நான்கு பேர் அமரும் அறைகளாகவும் பிரித்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

அந்த அறைகளைக் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கண்ணாடித் தடுப்பை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிட்டால், பேச்சு சீலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடம் வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும். தடுப்பு கான்கிரீட் ஸ்லாப் வரை போக வேண்டும், அல்லது அந்த இடைவெளியையாவது ஒலித்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். செலவைக் குறைப்பதற்காக ஒப்பந்தக்காரர் முதலில் கைவைக்கும் இடம் இதுதான் என்பதால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். திரையும் கேமராவும் கண் மட்டத்தில் இருக்கட்டும். உட்காருபவர்களுக்குப் பின்னால் ஜன்னல் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டில் இருப்பவருக்கு நான்கு கருநிழல்கள் பேசுவது போலத்தான் தெரியும். அறைக்கென்று நல்ல மைக் இருந்தால்தான் அவரவர் லேப்டாப்பைத் திறந்து வைத்து எதிரொலியோடு போராடும் நிலை தீரும்.

திறந்தவெளி அமைப்பு மக்களைப் பேச வைக்கும் என்பது வெகுநாளாகச் சொல்லப்பட்டுவரும் வாதம். ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைன், டர்பன் ஆகிய இருவரும் இரண்டு பெரிய நிறுவனங்களில் சுவர்களை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் ஊழியர்களுக்கு உணர்கருவிகளை அணிவித்து அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடியிருந்தன. எல்லோர் பார்வையிலும் உட்கார்ந்திருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தளத்தில் நீங்கள் காண்பதும் அதுவே.

மறுபுறம், தூரமும் பேச்சைக் கொல்லும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் ஆராய்ச்சிக்கூடப் பொறியாளர்களைக் கவனித்து, இருவருடைய இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூட அவர்கள் பேசிக்கொள்ளும் வாய்ப்பு செங்குத்தாகச் சரிவதையும், சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால் வேறு கட்டடத்தில் இருப்பவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போவதையும் காட்டினார். காலையில் எந்த இடம் காலியோ அங்கே உட்காருங்கள் என்று சொல்லும்போது, ஒரே குழுவைச் சேர்ந்தவர்களை அந்த 50 மீட்டருக்கு அப்பால் நாமே சிதறடிக்கிறோம். மேடவாக்கம் நெரிசலைக் கடந்து ஒருவர் வந்து சேர்வது, தன் குழுவைத் தளத்தின் நான்கு மூலைகளிலும் தேடுவதற்காகவா?

இருக்கையைப் பறித்த சோதனைகளுள் பெயர்பெற்றது அமெரிக்க விளம்பர நிறுவனமான ஷையட்/டே 1990களின் நடுவில் செய்தது. ஜே ஷையட் ஊழியர்களின் மேசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, காலையில் கவுன்டரில் லேப்டாப்பையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு விரும்பிய இடத்தில் வேலை செய்யுங்கள் என்றார். கருவிகள் போதவில்லை, முதலில் வந்தவர்கள் எடுத்துப் பதுக்கினார்கள், கோப்புகளைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டார்கள். 1990கள் முடிவதற்குள் நிறுவனம் வேறு கட்டடத்துக்குப் போய், அனைவருக்கும் மறுபடி இடம் ஒதுக்கியது. அதே பத்தாண்டில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் இன்டர்போலிஸ் என்ற காப்பீட்டு நிறுவனமும் தனி மேசைகளை நீக்கியது. ஆனால் அங்கே அமைதி அறை, கூட்டு மேசை, சந்திப்பு இடம் என வேலைக்கேற்ற பலவகை இடங்களை முதலில் உருவாக்கிவிட்டு அதைச் செய்தார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. பத்துப் பேருக்கு ஆறு இருக்கை என்ற எண்ணில் தவறில்லை. எடுத்துக்கொண்ட நான்கு இருக்கைகளின் இடத்தில் என்ன கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது ஏற்கப்படும்.

நான் செய்வதானால், தளத்தைக் குழுக்களுக்கான பகுதிகளாகப் பிரிப்பேன். ஒரு பகுதிக்குள் யாருக்கும் தனி மேசை வேண்டாம். ஆனால் அந்தப் பகுதி அந்தக் குழுவுக்குரியது. அங்கேயே லாக்கர், யாரும் அழிக்காத ஒரு வெள்ளைப் பலகை, மேசைதோறும் ஒரே வகை மானிட்டரும் ஒரே கேபிளும் இருக்க வேண்டும். காபி கவுன்டர் இரண்டு பகுதிகளின் நடுவே வரட்டும். அதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் அலுவலகங்களில் உண்மையான ஆலோசனைக் கூட்டம் கேட்டுக்கு வெளியே உள்ள டீக்கடையில் நடப்பதை எல்லோரும் அறிவோம், அதில் பாதியையாவது உள்ளே கொண்டுவரலாம்.

பதில் 2: பெருங்களத்தூர்வாசி

நான் வடிவமைப்பாளர் அல்ல. நீங்கள் வரவழைக்க நினைக்கும் கூட்டத்தில் ஒருத்தி. பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய் வருகிறேன். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை திட்டமிடப்பட்டுள்ள மெட்ரோ வழித்தடத்துக்காகச் சாலையின் நடுவே தடுப்பு வைத்து வேலை நடக்கும் நாட்களில் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. எந்த இன்டீரியரும் இதைச் சரிசெய்யப் போவதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு பேசினால் நல்லது.

நான்கு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். எங்களில் பலருக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு இரவு ஏழு மணிக்கோ எட்டரைக்கோ அழைப்பு இருக்கும். ஆறு மணிக்கு மேல் கிளம்பினால் அந்த அழைப்பைக் கேபில், சாலை நெரிசலின் ஹாரனுக்கு நடுவே எடுக்க வேண்டும். அலுவலகத்திலேயே இருந்து எடுத்தால் வீடு சேரப் பதினொன்று ஆகும். ஆகவே எங்களுக்கு நேரில் கிடைக்கும் பொழுது காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரைதான். அந்த நேரத்தின் நடுவே மதிய உணவு வருகிறது. ஒரு குழு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நீண்ட மேசை உங்கள் கேன்டீனில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் இடத்தில் எல்லாம் நான்கு பேர் மேசை. ஐந்தாவது ஆள் வந்தால் வேறு பக்கம் போய்விடுவார்.

வீட்டில் என்னிடம் நல்ல நாற்காலி, பெரிய மானிட்டர், வேகமான இணையம் எல்லாம் இருக்கின்றன. இல்லாதது, சிக்கலான பிழையோடு நான் மல்லுக்கட்டும்போது அருகில் வந்து உட்கார்ந்து திரையைக் காட்டிச் சொல்லித்தரும் மூத்தவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய குறை. எனவே ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி போட இடம் விடுங்கள். சிரிக்காதீர்கள், பல அலுவலகங்களில் மேசை வரிசைகளுக்கு இடையே அந்த அளவு இடம்கூட இருப்பதில்லை. நின்றுகொண்டு குனிந்து பேசுபவர் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார்.

எல்லோருக்கும் வீடு அமைதியானது என்றும் எண்ண வேண்டாம். இரண்டு அறை வீட்டில் மாமனார், மாமியார், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளோடு இருந்துகொண்டு சமையலறை ஸ்லாபில் லேப்டாப்பை வைத்து வேலை செய்யும் தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுக்கு அலுவலகம் என்றால் தடையில்லாத நான்கு மணி நேரம். நூலகம் போல, பேசுவதற்கும் போன் எடுப்பதற்கும் அனுமதியில்லாத ஓர் அறையை ஒதுக்கினால் அவர்கள் விதியைக் கேட்டு வரமாட்டார்கள், தாங்களே வருவார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 50 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விதித்தது. ஏட்டளவில் ஒப்பந்தம் போட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, யாரும் பயன்படுத்தாத காப்பகத்தைக் காட்டும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே நல்ல காப்பகம் ஒன்று இருந்தால், என்னைப் போன்றவர்கள் மூன்று நாள் என்ன, ஐந்து நாளும் வரத் தயாராக இருப்போம். டேபிள் டென்னிஸ் மேசைக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போதாதுதான். ஆனால் அங்கிருந்து தொடங்கலாமே.

பதில் 3: காற்றும்_ஒலியும்

சுருக்கமாக இரண்டு விஷயங்கள். வரைபடமேசை சொல்லும் சிற்றறைகளை அமைக்கும்போது ஏசியில் வெளிக்காற்று வரத்தை மறுபடி கணக்கிடாமல் விடாதீர்கள். பெரிய கூடத்துக்குக் கணக்கிட்ட குழாயைக் கிளை பிரித்து நான்கு பேர் அறைக்கு விட்டால், கதவை மூடிய சிறிது நேரத்தில் கரியமில வாயு ஏறிவிடும். தூக்கம் வருவதற்கு மதியச் சாப்பாட்டைக் குறை சொல்வோம். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஜோசப் ஆலன் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அலுவலகக் காற்றோடு ஒப்பிடும்போது நல்ல காற்றோட்டமும் குறைந்த ரசாயன வாடையும் உள்ள சூழலில் அதே ஊழியர்களின் சிந்தனைத்திறன் மதிப்பெண் 61 சதவீதமும், காற்றோட்டத்தை மேலும் கூட்டியபோது 101 சதவீதமும் உயர்ந்திருந்தது. ஒவ்வோர் அறையிலும் ஒரு கரியமில வாயு மானி வைப்பது பெரிய செலவல்ல.

இரண்டாவது, ஒலி. திறந்தவெளித் தளத்தில் கவனத்தைக் கலைப்பது பொதுவான இரைச்சலைவிட, புரியும்படி காதில் விழும் பேச்சுதான். அறை ஒலியை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 3382இன் மூன்றாம் பகுதி இதைத் தூரமாகவே அளக்கிறது: ஒருவர் பேசுவது கவனத்தைக் கலைக்காத அளவுக்கு மங்க எத்தனை மீட்டர் தேவை என்பது கணக்கு. 5 மீட்டருக்குள் மங்கிவிட்டால் நல்ல தளம்; 10 மீட்டரைத் தாண்டினால் மோசம். கான்கிரீட்டை அப்படியே காட்டும் திறந்த சீலிங், பளபளக்கும் தரை, எங்கும் கண்ணாடி என்பது இப்போதைய பாணி. ஒலிக்கு இதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது. ஓவியச் சுவருக்கான பணத்தில் சீலிங்குக்கு ஒலியை உறிஞ்சும் பலகைகள் வாங்குங்கள்.

பதில் 4: மனிதவளம்_20ஆண்டு

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எந்த நாள் வருவது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும்வரை எந்த வடிவமைப்பும் பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் யாரைத் தேடி வருகிறாரோ அவர் அன்று வீட்டில் இருந்தால், வந்தவருக்கு மிஞ்சுவது பயணக் களைப்பு மட்டுமே. 2022இல் மைக்ரோசாப்ட் பல நாடுகளில் எடுத்த கருத்தாய்வில், நிறுவனம் எதிர்பார்க்கிறது என்பதைவிட நல்ல காரணம் ஒன்று இருந்தால்தான் அலுவலகம் போவோம் என்று 73 சதவீத ஊழியர்கள் சொன்னார்கள். உடன் பணிபுரிபவர்களோடு பழகக் கிடைக்கும் வாய்ப்பு தங்களை இழுக்கும் என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள்.

நாளைக் குழுவாக முடிவு செய்யட்டும். சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காமில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு 1,612 ஊழியர்களை வைத்துச் செய்த சோதனையில், ஹைபிரிட் முறைக்கு மாற்றப்பட்ட பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் புதன், வெள்ளி எனப் பொதுவாக இருந்தன. அதாவது அலுவலக நாட்களில் எல்லோரும் எல்லோரையும் பார்க்க முடிந்தது. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணி மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ இழப்பு எதுவும் இல்லை. 2024இல் இது வெளியானது. நம் ஊரில் டி.சி.எஸ். 2023இல் ஐந்து நாளும் வரச் சொன்னது, இன்ஃபோசிஸ் அதே ஆண்டு மாதம் பத்து நாள் என்றது. ஆணையால் வருகைப் பதிவு கூடும். பதிவு செய்துவிட்டு வந்தவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி கேட்டவரின் கவலை.

உங்கள் இடத்தில் குழுக்களை வாரம் முழுவதும் பரப்புங்கள்: ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும் குழுக்களுக்குத் திங்கள், செவ்வாய், புதன், மற்றவற்றுக்குப் புதன், வியாழன், வெள்ளி. செவ்வாய் நெரிசலும் வெள்ளியின் வெறுமையும் ஒருசேரக் குறையும்.

பெருங்களத்தூர்வாசி: அதில் எனக்கு ஒப்புதல்தான், ஆனால் இரண்டு நாளைப் பொதுவாக வைத்துவிட்டு மூன்றாவதை எங்களிடம் விட்டுவிடுங்கள். பிள்ளையின் பள்ளிக் கூட்டமும் மாமியாரின் டாக்டர் நாளும் உங்கள் அட்டவணையைக் கேட்டு வருவதில்லை.

ஓஎம்ஆர்_கட்டடநிர்வாகம்:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பொது நாள், ஒரு விருப்ப நாள் என்ற யோசனையை மனிதவளப் பிரிவிடம் கொண்டுபோகிறேன். காப்பகத்தைப் பற்றி விசாரித்தபோது, நாங்கள் காட்டும் ஒப்பந்தமும் பெருங்களத்தூர்வாசி சொன்ன வகைதான் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். பத்துக்கு ஆறு என்ற இருக்கைக் கணக்கு எங்களுக்குப் போதுமா? மேலும், நிர்வாகம் ஒரே மூச்சில் முழுத் தளத்தையும் இடித்துக் கட்டச் சொல்கிறது, அப்படிச் செய்யலாமா?

வரைபடமேசை:

இருக்கையைச் சராசரி வருகையை வைத்துக் கணக்கிடக்கூடாது. உச்ச நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, 300 பேர் கொண்ட பிரிவில் சராசரியாக 45 சதவீதம் பேர் வருகிறார்கள் என்றால் 135 இருக்கை போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 300 பேரில் 75 சதவீதம் பேர் செவ்வாயன்று வந்தால் 225 வேண்டும். பத்துக்கு ஆறு என்றால் 180தான். 45 பேர் கேன்டீனுக்குப் போவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். மனிதவளம்_20ஆண்டு அவர்கள் சொன்னபடி குழுக்களைப் பரப்பினால் உச்சம் இறங்கும்; ஆனால் எல்லாக் குழுக்களும் சேரும் புதன்தான் அப்போது உங்கள் உச்ச நாளாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாட்களை முடிவு செய்த பிறகே இருக்கை எண்ணிக்கையை எழுதுங்கள், முன்பே எழுதாதீர்கள். சிற்றறைகளையும் அமைதி அறையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்டீரியர் நிறுவனங்கள் சோபாவைக்கூட இருக்கையாக எண்ணிக் காட்டும்.

முழுத் தளத்தையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். இரண்டு குழுக்களுக்கான பகுதியை மட்டும் முதலில் செய்யுங்கள். சிற்றறைகளை ஆயத்த வடிவில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள், அவை நகர்த்தக்கூடியவை. ஏசி குழாய், பிளம்பிங், ஸ்பிரிங்க்ளர் ஆகியவற்றைத் தொடும் வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். வெற்றியை நுழைவு அட்டை ஸ்வைப் கணக்கில் தேடாமல், செவ்வாய் பதினொன்றரை மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு சுற்று நடந்து, எத்தனை அறைகளில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை மேசைகளில் இரண்டாவது நாற்காலி இழுக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில் எதை அதிகம் கட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்காக, ஒவ்வொரு பகுதியின் ஏசியையும் விளக்கையும் தனியாக அணைக்கும்படி இப்போதே பிரித்துவிடச் சொல்லுங்கள். வயரிங் முடிந்த பிறகு கேட்டால் இரண்டு மடங்கு விலை சொல்வார்கள்.